மழை ஓய்ந்து பனி தொடங்கும் வேளை: நீலகிரிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வானிலை வழிகாட்டி

கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள், வேலை மாற்றலாகியோ விடுமுறைக்கோ மார்கழியில் நீலகிரிக்கு வரும்போது, அந்தப் பழமொழியையும் பெட்டியில் வைத்தே எடுத்து வருகிறார்கள். பழமொழி பெரும்பாலான ஆண்டுகளில் பொய்ப்பதில்லை. ஆனால் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது மார்கழி பிறந்துவிட்டிருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மலையில் வடகிழக்குப் பருவமழை ஒரு குறிப்பிட்ட நாளில் முடிவதில்லை. நவம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இரண்டு வகை நாட்கள் மாறி மாறி வருகின்றன. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில் வானம் மூடி, தூறலும் மூடுபனியும் நிலவும்; இரவு அவ்வளவாகக் குளிராது. காற்று திசை மாறியோ வறண்டோ போகும் நாட்களில் வானம் பளிச்சென்று தெளியும். பகலில் வெயில் சுடும், இரவில் புல் உறையும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: மேகத்தைக் கண்டதும் கம்பளியைத் தேடுகிறார்கள், நீல வானத்தைக் கண்டதும் ஸ்வெட்டரை விடுதியிலேயே விட்டுச் செல்கிறார்கள். மேகம் இருந்தால் சாலையைப் பற்றியும், வானம் தெளிந்தால் இரவைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

முதல் படி: நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீலகிரி ஒரே மாவட்டம்தான். ஆனால் அதற்கு ஒரே வானிலை கிடையாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவையும் அதை ஒட்டிய மலைத்தொடரையும் வீட்டின் நடுச்சுவர் போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுவருக்குக் கிழக்கே குன்னூர், கோத்தகிரி, பர்லியார், குஞ்சப்பனை ஆகியவை சமவெளியைப் பார்த்தபடி இருக்கின்றன. மேற்கே ஊட்டியும் அதையும் தாண்டி பைக்காரா, அவலாஞ்சி ஆகியவையும் உள்ளன. இன்னும் மேற்கே இறங்கினால் கூடலூரும் பந்தலூரும் தேவாலாவும் வருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குப் பக்கத்தில் மோதி ஏறுவதால் மழை அங்கே கொட்டுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் காற்று குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மோதி ஏறுகிறது. அப்போது மழையும் இடம் மாறுகிறது.

இந்த இடமாற்றத்துக்கு ஆவணச் சான்று உண்டு. 2019 ஆகஸ்டில் மேற்கே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. 2009 நவம்பரில் அதே அளவு மழை ஒரே நாளில் பதிவானது கிழக்கே குன்னூரை ஒட்டிய கேத்தியில். அந்த நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே, பருவமழையின் கடைசி வாரங்களில் நிலச்சரிவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியவர்கள் கிழக்குச் சரிவில் தங்குவோரும் அந்த வழியாகப் பயணம் செய்வோரும்தான்.

டிசம்பரில் ஊட்டி பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குன்னூரிலிருந்து வரும் பேருந்தின் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும்; அதன் அருகிலேயே வந்து நிற்கும் கூடலூர்ப் பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் தூசி உலர்ந்து படிந்திருக்கும். முதல் ஆண்டு எனக்கு எந்த வரைபடத்தை விடவும் இந்த இரண்டு பேருந்துகளே இந்த மலையைத் தெளிவாகப் புரிய வைத்தன.

பக்கத்தை அறிந்தபின் உயரத்தைக் கணக்கிடுங்கள். பொதுவாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஆறு முதல் ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் பகல் வெப்பம் 30 டிகிரி என்றால் ஊட்டியில் 18 டிகிரியை ஒட்டி எதிர்பார்க்கலாம். இந்தக் கணக்கு பகலுக்கும் மேகமூட்டமான நாளுக்கும் மட்டுமே பொருந்தும். தெளிந்த இரவில் இது அடியோடு தவறும். அதன் காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எச்சரிக்கையை அளவாக வாசிக்கப் பழகுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் வரும் சொற்களுக்குத் திட்டவட்டமான அளவுகள் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் அது கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்கள் எவ்வளவு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. இவை முழு மாவட்டத்துக்குமானவை என்பதால், எச்சரிக்கை வந்த நாளில் மசினகுடியில் வெயில் அடிப்பதை வைத்து வானிலை மையம் தவறிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மசினகுடியும் மாயாறு பள்ளத்தாக்கும் மழைமறைவுப் பகுதிகள்; மலை மறைப்பதால் அங்கே மழை குறைவு.

மழையளவு காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. இன்று குன்னூரில் 9 செ.மீ. என்று செய்தியில் வந்தால், அதன் பெரும்பகுதி நேற்று இரவே பெய்திருக்கலாம். அந்த நீர் இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு நாள் மழையை விட, முந்தைய மூன்று நான்கு நாட்களின் கூட்டுத்தொகையே மலைச்சரிவுக்கு முக்கியம். செய்தியில் வரும் எண்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பருவமழை ஓய்ந்தது போல ஒரு வாரம் வெயில் அடித்த பிறகும், டிசம்பரில் உருவாகும் ஒரே ஒரு தாழ்வுப் பகுதி மேற்கு நோக்கி நகர்ந்தால் கிழக்குச் சரிவு மறுபடி நனையும்.

மூன்றாம் படி: மலை ஏறும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

மழை நின்ற மறுநாளே சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பதே புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது. இந்த மலையின் கடினமான பாறைக்கு மேல் களிமண் கலந்த செம்மண் தடிமனாகப் படிந்திருக்கிறது. அது நீரை மெதுவாக உறிஞ்சி, மெதுவாகவே விடுகிறது. தூறல் நின்று வெயில் வந்த பிறகும் உள்ளே ஊறிய நீரின் கனம் மண்ணை அழுத்திக்கொண்டே இருக்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே 1993 நவம்பரில் நடந்த பெரும் நிலச்சரிவை மூத்த ஓட்டுநர்கள் இன்றும் சொல்கிறார்கள். கனமழைக்குப் பின் ஒரு முழு நாளாவது காத்திருந்து, சாலை திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, பகல் வெளிச்சத்தில் ஏறுங்கள். குன்னூர்ச் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியை நாடுவது வழக்கம். ஆனால் அதுவும் அதே கிழக்குச் சரிவில்தான் ஏறுகிறது.

மலை ரயிலை நம்பித் திட்டமிடுவோருக்கு ஒரு சொல். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள பற்சக்கரப் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து சேவை ரத்தாவது இந்தப் பருவத்தில் புதிதல்ல. தேர்வு, நேர்காணல், திருமணம் போன்ற தள்ளிப்போட முடியாத காரியங்களுக்கு ரயிலை மட்டும் நம்பாதீர்கள்.

வழியில் புதிதாக விழுந்த சிறு கற்கள், சாய்ந்த மின்கம்பம், சாலையில் புதிய வெடிப்பு, வழக்கமாகத் தெளிவாக ஓடும் ஊற்றில் திடீரென்று செம்மண் நிற நீர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் கடந்து செல்லுங்கள். முன்னே சாலை தெளிவாகத் தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குத் தெரிவியுங்கள். மாநில எண் 1070. மண்ணை வெட்டிச் சமப்படுத்திய சரிவின் அடியில் உங்கள் வாடகை வீடு இருந்தால், மழைக்காலம் முடியும்வரை பின்பக்கச் சுவரை ஒட்டிய அறையில் படுக்காமல் இருப்பது நல்லது.

வாகனத்தில் வரும் வெளியூர்க்காரர்கள் புறப்படும் முன் இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும் என்ற நடைமுறை, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இருக்கிறது. தற்போதைய விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மூடுபனியின் நேரத்தை அறிந்து ஓட்டுங்கள்

பருவமழை தளரும் நாட்களில் அதிகாலையில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்தோ குன்னூர் டால்பின் நோஸ் முனையிலிருந்தோ கீழே பார்த்தால், சமவெளி முழுவதும் வெண்மேகம் பஞ்சுப் பொதியாகப் பரவியிருக்கும். படம் எடுப்பதற்கு அருமையான காட்சி அது. பிற்பகலில் உங்கள் வண்டியின் முன் வந்து நிற்கப்போவதும் அதே மேகம்தான். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகிறது. சூடான காற்று மலையோடு மேலேறும்போது மேகத்தையும் இழுத்து வருகிறது. பல நாட்களில் மதியத்துக்கு மேல் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஓட்டுநர்கள் இதை ‘மிஸ்ட் இறங்கிடுச்சு’ என்பார்கள். உண்மையில் அது ஏறி வருகிறது.

ஆகவே கிழக்குப் பக்கச் சாலைகளில் முற்பகலிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். மூடுபனிக்குள் அகப்பட்டால் முகப்பு விளக்கைத் தாழ்ந்த ஒளியில் வையுங்கள். உயர்ந்த ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒலி எழுப்புங்கள், முந்தாதீர்கள். நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டபடி ஓட்டும் பழக்கம் சமவெளியிலிருந்து வந்திருக்கிறது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்பதே தெரியாமல் போகும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: உறைபனி இரவை முந்தைய மாலையிலேயே கண்டுகொள்ளுங்கள்

நவம்பர் நடுப்பகுதியில் முதலில் நீர்ப்பனி விழும். காலையில் புல்லும் கூரைத் தகரமும் நனைந்திருக்கும். சில வாரங்களில் அது உறைபனியாக மாறும். டிசம்பர் இறுதியும் ஜனவரியும் அதன் உச்சகாலம். பிப்ரவரியிலும் சில விடியல்களில் வரும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற சொலவடை இந்த மலைக்காகவே சொன்னது போல இருக்கும்.

மேகம் பூமிக்குப் போர்வை. அது இருக்கும் இரவில் தரை வெளிவிடும் வெப்பத்தில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. மேகம் இல்லாமல், காற்றில் ஈரமும் குறைந்து, அசைவும் நின்றுவிட்டால் தரையின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த வெளிகள் வெண்மையாக உறைந்திருக்கும் காலையில், அவற்றை விடச் சற்று உயர்ந்த சரிவுகளில் புல் பச்சையாகவே இருப்பதைக் காணலாம். உயரத்தை வைத்துப் போட்ட கணக்கு இரவில் பொய்ப்பதும் இதனால்தான். குளிருக்குப் பயந்து மேட்டு வீட்டைத் தவிர்த்துப் பள்ளத்தில் வீடு பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து மூன்றைப் பாருங்கள். மேற்கு வானில் மேகம் இருக்கிறதா? அடுப்புப் புகை நேராக எழுகிறதா, அல்லது சாய்கிறதா? துவைத்த துணி பகலில் விரைவாகக் காய்ந்ததா? வானம் தெளிந்து, புகை நேராக எழுந்து, துணியும் விரைவில் காய்ந்திருந்தால் விடியலில் உறைபனியை எதிர்பாருங்கள். மழை நின்ற முதல் இரவில் தரை ஈரமாக இருப்பதால் பெரும்பாலும் பள்ளத்தாக்கு மூடுபனியோடு தப்பிவிடும். இரண்டாவது, மூன்றாவது தெளிந்த இரவுகளே ஆபத்தானவை.

செய்தியில் ‘குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி’ என்று வந்திருக்கும். வாசலில் புல் உறைந்திருக்கும். இரண்டும் உண்மை. வெப்பமானி தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரக்கூண்டுக்குள் வைக்கப்படுகிறது; புல்நுனி அதை விடச் சில டிகிரி குறைவாக இருக்கும். எனவே நான்கு டிகிரி என்ற முன்னறிவிப்பையே உறைபனி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த முதல் ஜனவரியில் இது எதுவும் தெரியாமல், விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காந்தலிலிருந்து இருசக்கர வாகனத்தில் கிளம்பினேன். இருக்கையின் மேல் உப்புத் தூவியது போல வெண்மை. கையால் துடைத்ததில் கையுறை நனைந்தது, அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று கிலோமீட்டர் போவதற்குள் ஈரக் கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. வளைவில் பிரேக் பிடிக்க நினைக்கிறேன், விரல் மடங்கவில்லை. காலால் பின்பிரேக்கை மிதித்து, வாய்க்காலை ஒட்டி நிறுத்தி, இன்ஜின் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அன்றுமுதல் இருக்கையைப் பழைய துணியால்தான் துடைக்கிறேன். பையில் உலர்ந்த கையுறை ஒன்று கூடுதலாக இருக்கும். உறைந்த கார்க் கண்ணாடியிலும் கொதிநீரை ஊற்றாதீர்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடலாம். இரவே ஒரு சாக்கால் மூடிவைத்தால் போதும்.

ஆறாம் படி: அறைக்குள் கரி மூட்டாதீர்கள்

குளிருக்கு அஞ்சி, மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவோர் மலைப்பகுதிகளில் உயிரிழந்திருக்கிறார்கள். கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலியும் தூக்கமும் வருவதைக் குளிரின் விளைவு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். இறைச்சி சுட்ட அடுப்பை மீதிச் சூட்டுக்காக உள்ளே கொண்டுவருவதும் இதில் அடங்கும். புகைபோக்கி உள்ள கணப்பைத் தவிர வேறு எந்த நெருப்பும் உறங்கும் அறையில் இருக்கக் கூடாது. வெந்நீர்ப் பையும் இரட்டைக் கம்பளியும் போதுமானவை.

உடைக்குப் பல பக்கங்கள் எழுதத் தேவையில்லை. ஒரே தடிமனான ஸ்வெட்டரை விட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். பத்து மணிக்கு ஒன்றையும் பதினொரு மணிக்கு இன்னொன்றையும் கழற்ற வேண்டியிருக்கும். ஜனவரியில் ஊட்டியில் பகல் 20 டிகிரியை எட்டும் நாளிலும் இரவு ஐந்துக்குக் கீழே இறங்குவது இயல்பு. குளிர்கிறதே என்று வெயிலில் நெடுநேரம் நிற்காதீர்கள். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, முகம் கறுத்து உரியும். சோறு வேகவில்லை என்று அரிசிக்காரரைக் குறை சொல்லாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கரில் வையுங்கள்.

ஏழாம் படி: செடி வளர்ப்போர் சூரியனை முந்த வேண்டும்

குடியேறிய ஆர்வத்தில் ரோஜாத் தொட்டிகளை வாங்கி வைத்தவர்கள் முதல் உறைபனியில் இழப்பார்கள். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடுவதைப் பார்க்கலாம். தேயிலை விவசாயிகள் இளஞ்செடிகளைத் தாகைச் செடிகளால் போர்த்துகிறார்கள். இரண்டிலும் உத்தி ஒன்றுதான்: செடிக்கும் திறந்த வானுக்கும் இடையே ஒரு மறைப்பு. வீட்டில் பழைய சேலையோ சாக்கோ போதும். மாலை நான்கு மணிக்கே, தரையில் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும்.

மூட மறந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன் குழாய்த் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள். உறைந்த இலையை நேர்வெயில் சட்டென்று உருக்கும்போதுதான் கருகல் கூடுகிறது. பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு வெயில் எட்டரைக்குத்தான் வரும் என்றால் அதுவரை அவகாசம் இருக்கிறது. கிழக்கு பார்த்த மேட்டில் இருப்பவர்கள் ஆறரைக்கே எழ வேண்டும்.

பிப்ரவரி வந்ததும் பனியில் கருகிய புல் காய்ந்து சருகாகிவிடும். வனத்துறை தீத்தடுப்புக் கோடுகளை வெட்டத் தொடங்கும் பருவம் அது. தோட்டத்துக் குப்பையைக் கொளுத்துவதானால் அதை மழை ஈரம் மிச்சமிருக்கும் டிசம்பரிலேயே முடித்துவிடுங்கள், அல்லது எரு குழியில் போட்டுவிடுங்கள்.